சாந்திக்கு நான் போட்ட பத்தியம்

சாந்தி அசை போடுவதை நிறுத்தியது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் பால் கறக்க உட்கார்ந்தேன்; அவள் தாடை ஆடவில்லை. இடது பக்க வயிறு புடைத்திருந்தது. விரலால் அமுக்கினால் பிசைந்த மாவில் விழுவதுபோல் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. உங்கள் மாடு இப்படி நின்றால் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். நான் மூன்று நாள் காத்திருந்தேன்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மீந்த சோற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சும் போட்டு வீசுவார்கள். மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியுமா? பையோடு விழுங்கும். எதிர்வீட்டு வாசலில் நின்று கத்தினேன்.

"என் மாட்டு வயிறு இன்னா, உன் வூட்டுக் குப்பத்தொட்டியா?"

"அவுத்து வுட்டது யாரு? உன் மாட்ட உன் வூட்ல கட்டு" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அவிழ்த்து விட்டது நான்தான். அதனால் இன்னும் உரக்கக் கத்தினேன்.

மாட்டு டாக்டர் சின்ன வயதுப் பெண். ருமெனாட்டமி (இடது விலாவைக் கிழித்து, முதல் இரைப்பையைத் திறந்து அடைப்பை எடுப்பது) செய்ய வேண்டும் என்றார். சாந்தியை நிற்கவைத்தே, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார். தோள்வரை கையை உள்ளே விட்டார். திரித்த கயிறுபோலப் பிளாஸ்டிக் வந்தது, வந்துகொண்டே இருந்தது. மூன்று பக்கெட். நான் தலைக்கயிற்றைப் பிடித்தபடி தெருவில் ஒருவர் விடாமல் திட்டினேன்.

"நல்ல தீனியாப் போடுங்கம்மா. தையல் சேந்துட்டா பொழச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

தீனியைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? கத்தி பட்ட உடம்புக்குப் பத்தியம். வைக்கோல், நொய்க்கஞ்சி, அவ்வளவுதான். பச்சை குளிர்ச்சி, புண் சீழ் கட்டும். அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் வழக்கம்போல அகத்திக்கட்டோடு சாந்தியிடம் வந்தார்கள். "மருந்து போற ஒடம்புக்கு அகத்தி குடுக்க வன்ட்டியே, சாவடிக்கப் பாக்கறியா?" என்று விரட்டினேன்.

எட்டாம் நாளும் தையல் சேரவில்லை. விளிம்பு சாம்பல் நிறமாகி நீர் கசிந்தது. பால் வற்றிவிட்டது. என் மகன் முருகன் அடிமாட்டு வண்டிக்காரனிடம் பேசிவிட்டு வந்தான்.

"ம்மா, இன்னும் ரெண்டு நாள் பாரு. அப்பறம் ஏத்தி வுட்ரலாம். நின்னுகினே சாவறத பாக்க முடில."

"மொதல்ல என்ன ஏத்து" என்றேன்.

டாக்டர் மறுபடி வந்தார். புண்ணைப் பார்த்தார், கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். "என்ன தீனி போட்டீங்க?"

பெருமையாகச் சொன்னேன். "ஒரு பச்ச எல கண்ல காட்டலயே."

அவர் பொறுமையாகச் சொன்னார். அறுத்த உடம்பில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் வருமாம் (மூச்சுக்காற்றில் இருந்து பிறக்கும் கெட்ட துகள்கள் பெருகி, இரும்பைத் துரு தின்பதுபோல் உடம்பை உள்ளே தின்பது). அதைத் தடுக்க உடம்பு ஆன்டிஆக்சிடன்ட் (துருவைத் தடுக்கும் காவல் சத்து) வைத்திருக்குமாம். அறுவை நடந்த நாளிலேயே அது வேகமாகக் கரையும். புதிதாக வருவது பெரும்பாலும் பச்சைத் தீனியில் இருந்து.

"வைக்கோல்ல அது ஒண்ணுமே இல்லம்மா. அகத்தியில நெறைய இருக்கு."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"நல்ல தீனின்னு சொன்னேனே."

"நல்ல தீனின்னா எங்க வூட்ல பத்தியம்தாம்மா! வாயத் தொறந்து பச்சன்னு சொல்லணும்!"

அவர் தலைகுனிந்து, வைட்டமின் ஈ, செலினியம் ஊசியை எடுத்தார். எனக்குக் கோபம் ஆறவில்லை. அதில் பாதி என் மேல்தான் என்று அப்போது ஒப்புக்கொள்ளவில்லை.

என் மருமகள் கஸ்தூரி அன்றே அகத்தி வாங்கி வந்தாள். வள்ளூர்ப் பக்கத்துப் புல்லும் வந்தது. அதில் படிந்த அனல்மின் நிலையக் கரிச்சாம்பலை இரண்டு தண்ணீரில் அலசினோம். கீரையை ஒடித்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"எனக்கும் இதான போட்டீங்க அத்தே. வயித்தக் கிழிச்சி புள்ள எடுத்தப்ப. பூண்டும் கஞ்சியும். தையல் பிரிஞ்சதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு டாக்டரத் திட்டினீங்க."

முருகனைப் பெற என் வயிற்றையும் கிழித்தார்கள். மூன்று மாதம் என் மாமியார் கீரையைக் கண்ணில் காட்டவில்லை. புண் ஆறாமல் கிடந்தேன். 'இவளுக்கு ஆறாத உடம்பு' என்றார்கள். நாற்பத்தாறு வருடமாக நானும் அதையே சொல்லி வந்திருக்கிறேன், எனக்கு மட்டுமில்லை, கஸ்தூரிக்கும்.

பச்சை போட்ட ஐந்தாம் நாள் கசிவு நின்றது. மறுநாள் சாந்தியின் தாடை ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது வாரம் டாக்டர் தையல் பிரித்தார். முருகன் வண்டிக்காரனின் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமியார் படத்துக்கு நான் பூ வைக்கவில்லை. கஸ்தூரி கவனித்துவிட்டாள்.

"அப்போ நாளைக்கு உங்க படத்துக்கு நா பூ வெக்கறதா, வோணாவா?"

"வெக்காத" என்றேன்.

குளிக்கப் போகையில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தழும்பு அங்கேயேதான் இருந்தது. ஆறுகிற உடம்புதான் அது. அதை நான் தெரிந்துகொள்ள இத்தனை வருடம் ஆயிற்று.