ஆபீஸ் நேரத்தில் வராத கோளாறு

விமானங்களுக்கு வழிகாட்டும் கருவிகளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது என் பிழைப்பு. அவை ஒழுங்காக ஓடும்வரை நம்மை ஒரு நாயும் சீண்டாது. மேலதிகாரிக்கு விளக்கம் சொல்லியே தொண்டை வற்றிய நண்பர்களே, இது உங்களுக்குத்தான்.

பளிச்சென்ற வானம்

எங்கள் போர்ட் பிளேரில் சில மாதங்கள் பொழுது சாய்ந்ததும், மேகங்களுக்கு வெகு மேலே இருக்கும் அயனி மண்டலம் கொந்தளிக்கும். சாட்டிலைட் சிக்னல் அதைத் தாண்டி வருவதற்குள் தள்ளாடிவிடும். விமானம் தான் எங்கே இருக்கிறது என்பதையே தப்பாகக் காட்டும். அதற்காகத் தரையிலிருந்தே விமானத்துக்கு வழிகாட்டும் ஒரு பழைய ரேடியோ கருவியை ஓட்டி வந்தோம்.

மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி, அது தண்டம், நிறுத்திவிடலாம் என்றார். அயனி மண்டலத்தைப் பற்றி விளக்கினேன். மகானுபாவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "வானம் பளிச்சுன்னு இருக்கு, கொந்தளிப்புங்கறீங்க! என் போன்ல அபர்டீன் பஜார் டீக்கடை வரைக்கும் காட்டுதே!"

சோதனை

கெஞ்சியதில், சோதித்துப் பார்க்கப் பெரிய மனசு பண்ணினார். காலையில் ஆபீஸ் திறந்ததும் சோதனை தொடங்கும், ஆபீஸ் பூட்டும்போது முடியும். இருட்டிய பிறகு வரும் கோளாறை வெயிலில் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டார். இருட்டியபின் ஒரு தடவை பாருங்கள் சார் என்றேன். "ஆபீஸ் நேரத்துல வராத கோளாறெல்லாம் ஒரு கோளாறா?"

செல்வத்தின் மனைவி

கருவியை நிறுத்த இருந்த வாரத்தில், என்னோடு வேலை பார்க்கும் செல்வத்தின் மனைவிக்கு தெற்குக் கோடித் தீவின் கேம்ப்பெல் பேயில், தாய்வீட்டில் ரத்தப்போக்கு. நிறைமாதம். சின்ன விமானத்தில் ஏற்றி இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இங்கே நெருங்குவதற்குள் இருட்டிவிட்டது, மழை வேறு. சாட்டிலைட் காட்டும் இடம் குதித்துக்கொண்டே இருக்கிறது என்று பைலட் ரேடியோவில் சொன்னார். தரைக் கருவியின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு வரும்படி டவரில் சொன்னார்கள். அதன் அறையில் செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இது பந்த் ஆயிடாதுல்ல, நின்னுபோயிடாதுல்ல?"

விமானம் இறங்கியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். மறுநாள், நிறுத்தும் உத்தரவை ரத்து செய்யுங்கள் என்று ஆத்திரத்தோடு அதிகாரி முன் போய் நின்றேன். "பத்திரமா இறங்கிடுச்சுல்ல? அப்ப சாட்டிலைட் நல்லாத்தானே இருக்கு!"

பைலட்டின் புகார் மேலிடம்வரை போனதால் கருவி இன்னும் ஓடுகிறது. சாட்டிலைட் தடுமாறினால் கைகொடுக்க அது இருக்கிறது, அதிகாரி தடுமாறினால்தான் கைகொடுக்க ஒன்றையும் காணோம்!