கொழும்புக் குளிசை

கொழும்பு வெள்ளவத்தையில் வாங்கிய பிரஷர் குளிசைகள் அமெரிக்காவின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வரை வந்துசேர்வதில் ஞானேஸ்வரனுக்குப் பெரிய பெருமை. ஊருக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், ஒரு வருடத்துக்கான மருந்து சூட்கேசில் வந்துவிடும். ஓய்வுபெற்றதும் தனக்கும் மனைவி பத்மராணிக்கும் அரசாங்கத்தின் முதியோர் இன்சூரன்சான மெடிகேர் எடுத்தார். அது கட்டாத மிச்சத்துக்கு சப்ளிமென்ட் இன்சூரன்சும் எடுத்தார். வீட்டில் எடுக்கும் மருந்து இதில் சேராது, அதுக்குத் தனி பிளான் எடுக்க வேணும் என்று மகள் பவதாரணி சொன்னபோது மட்டும் சிரித்தார்.

"வராத நோய் வருத்தத்துக்கு ஏன் பிள்ளை மாதாமாதம் காசு கட்டுவான்?"

கெட்டிக்காரர்! இன்சூரன்ஸ் என்றாலே வராததுக்குக் கட்டுவதுதான் என்று அந்த இன்ஜினியர் மூளைக்கு யார் சொல்வது?

இந்த ஏப்ரலில் பத்மராணிக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரிச் செலவையெல்லாம் இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. பிறகு டாக்டர், இனி வீட்டிலேயே குளிசை எடுக்கலாம், தாமதிக்காமல் தொடங்குங்கள் என்றார். ஃபார்மசியில் விலையைக் கேட்ட ஞானேஸ்வரன் இன்னொரு தரம் கேட்டார். அவருடைய ஒரு மாதப் பென்ஷன் ஒரு கிழமை மருந்துக்கும் காணாது. வீடு ஏற்கெனவே மகளின் படிப்புக்காக அடகில் இருந்தது. மருந்துக் கம்பனியின் உதவித் திட்டமோ, வருமானம் கூடுதல் என்று கைவிரித்துவிட்டது. வெள்ளவத்தைக் கடைக்காரர் அந்த மருந்தின் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

மெடிகேருக்கு போன் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் பேசிய பெண் தன்மையாகத்தான் சொன்னாள். மருந்து பிளானுக்கு இனி ஒக்டோபரில்தான் பதியலாம், ஜனவரி முதலாம் திகதி தொடங்கும். பிந்தியதற்கு அபராதம், அதுவும் சாகும்வரை. அந்த இடத்தில் பத்மராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் புருஷன்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"ஜனவரி வரைக்கும் சமாளிக்கலாம்தானே?" என்றார் அவர், போனை வைத்துவிட்டு.

"நான் சமாளிப்பன். வருத்தம் பொறுத்துக்கொண்டு நிக்குமோ?"

அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையில் வாய் கோணியது.

"இப்ப என்ன செய்வம், ராணி? நீ சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்ல அவளிடம் ஒன்றுமே இருக்கவில்லை.