மூன்றாவது பத்தியை மடித்து வைத்தவர்

ருக்குமணி டீச்சர் போய்விட்டார் என்று பழைய ஆசிரியர்களான நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. போட்டவருக்கு யார் சொன்னார்கள் என்று மூன்று பேருக்குப் போன் செய்து விசாரித்தேன். எதையும் சந்தேகப்படும் என் குணம் உங்களுக்குத் தெரியும். கடைசியில் உடுமலைப்பேட்டையிலிருந்து அவர் மகளே எடுத்து, "ஆமாங்க, காலையில போயிட்டாங்க" என்றாள்.

கருமத்தம்பட்டிப் பக்கம் நம் பள்ளியில் எட்டு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் வேதியியல், நான் இயற்பியல். ஒருநாள் ஆய்வகத்தில் அவருடைய மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினேன். சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்திகள். எல்லா நோட்டிலும் மூன்றாவது பத்தி உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. பிட் ஒளித்து வைக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தேன், வெறும் தாள். டீச்சர் சிரித்தார். நீல நிற உப்பைப் பார்த்ததுமே பிள்ளைகள் காப்பர் என்று முடிவு கட்டிவிடுகிறார்களாம். பிறகு சோதனைக் குழாயில் எது வந்தாலும் அந்த முடிவுக்குத் தோதாகவே காண்பனவற்றை எழுதுகிறார்களாம். அதனால் கண்டதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மடிப்பைப் பிரித்து முடிவை எழுதலாம். "கண்ணு பாத்து முடிக்கட்டுங்க சார். மூளைக்கு என்ன அவசரம்?" என்றார்.

ஆசிரியர்களான நம்மையும் விடமாட்டார். தலைமையாசிரியர் கோபமாக இருக்கிறார், யாரும் உள்ளே போகாதீர்கள் என்று நான் ஒருமுறை எச்சரித்தேன். "கன்னம் வீங்கியிருக்குதுங்க. நீங்க பாத்தது அவ்வளவுதான்" என்றார். பார்த்தால் தலைமையாசிரியருக்குப் பல்வலி.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வன்று ஆய்வக வாசலில் நின்றிருந்தேன். டீச்சர் ஒரு மாணவியிடம் குனிந்து காதோடு ஏதோ சொன்னார். அவள் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். உப்பின் பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். எழுத்தில் கேட்டார், எழுதிக் கையெழுத்தும் போட்டேன். விசாரணையில் அந்தப் பெண் அழுததோடு சரி. அவள் அழுததையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். டீச்சர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சார், உப்புப் பேரு உங்க காதுல உழுந்துச்சுங்களா?"

சந்தேகம் இருக்கிறது என்று மழுப்பினேன். அந்த வருடமே அவரை உடுமலைப் பக்கம் மாற்றினார்கள்.

பல வருடங்கள் கழித்துக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேவிட்டேன். "நான் எதைச் சொன்னாலும், இவ எதுக்கு இப்படிச் சொல்றான்னுதானுங்க சார் யோசிப்பீங்க" என்று சிரித்தபடியே பஸ் ஏறிவிட்டார். அவர் சொன்னது சரி. அப்படித்தான் யோசித்திருப்பேன்.

குழுவில் இப்போது ஆளாளுக்கு அவரைப் புகழ்கிறீர்கள். அன்று ஒருவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை என்பதால் இந்தப் புகழையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. சிலர் "அந்த ஒரு விஷயம் தவிர" என்று இடையில் சேர்க்கிறீர்கள். அந்த ஒரு விஷயம் நான் எழுதிக் கொடுத்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் கேட்ட கேள்விதான். உங்கள் எல்லோர் முன்பும் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லைங்க டீச்சர், என் காதில் விழவில்லை.