துண்டு கேட்டு வந்தவள்

ஒரு மரண விசாரணையில் நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் குற்றமில்லாத ஒரு பெண் தன் பெயரையும் வேலையையும் இருந்த இடத்தையும் இழந்தாள். இதைச் சொல்ல எனக்குப் பதினாறு வருடங்கள் எடுத்தன. இப்போதும் பயத்தால்தான் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், அதை மறுக்கமாட்டேன்.

நான் பிறந்தது வடக்கில். வேலை கிடைத்தது றக்வானைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில். டிஸ்பென்சரிக்கு டாக்டர் கிடையாது. மருந்து கொடுக்கவும் காயம் கட்டவும் படித்த நான் ஒருவன்தான். லயங்கள் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்கள் என்னை டாக்டர் ஐயா என்றார்கள். நானும் திருத்தவில்லை. என் கைக்கு மிஞ்சிய நோயாளியை இரத்தினபுரிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அதற்குத் தோட்டத்து லொறி வேண்டும். லொறி புறப்பட என் கையெழுத்திட்ட ஒரு துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் டிரைவர் சாவியைத் தொடமாட்டார். அந்தச் சிறு காகிதம்தான் என் அதிகாரம் முழுவதும்.

அந்தப் பெண் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் அறை அது. அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதில் மண்வெட்டி பட்டு இடது காலின் சுண்டுவிரல் போய்விட்டது. பிள்ளைகள் அவளுடைய கால்விரல்களைத் தொட்டுத் தொட்டுத்தான் ஒன்பதுவரை எண்ணப் பழகின. அந்த வேலையோடு விஷக்கடியும் பார்ப்பாள். அவளுடைய தகப்பன் கீழ்க் கிராமத்துச் சிங்கள வெதமாத்தயா ஒருவருக்கு மூலிகை இடித்துக் கொடுத்தே அந்த வைத்தியத்தைக் கற்றவர். அவரிடமிருந்து அது அவளுக்கு வந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடிபட்டவருக்காக அழைக்க வருபவரைத் தூது என்பார்கள். தூது வந்தவர் உட்காரக் கூடாது. கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. வாசற்படியில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்று விஷயத்தைச் சொல்லவேண்டும். அவள் அந்த ஆளின் மூச்சையும் நிற்கும் விதத்தையும் பார்ப்பாள். பிறகு இரண்டில் ஒரு பதில். “வாறேன்” என்றால் தூது திரும்பிப் பார்க்காமல் முன்னே நடக்கும், அவள் பின்னாலேயே போவாள். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தால், என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்று அர்த்தம். பதில் சொல்லாமல் மட்டும் விடக் கூடாது. இதையெல்லாம் நான் அந்தக் காலத்தில் பகிடியாகத்தான் கேட்டேன். அவள் தண்ணீர் கொடுத்து அனுப்பிய பலர் நேரே என்னிடம் வந்தார்கள் என்பதையோ, அவர்களில் அநேகர் பிழைத்தார்கள் என்பதையோ நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த வருடம் மழைக்காலத் தொடக்கத்தில், காலில் பாம்பு கடித்த ஒருவரை நான் லொறியில் இரத்தினபுரிக்கு அனுப்பினேன். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். பிள்ளைக் காம்பரா வாசலில் தாய்மாரின் முன்னால் அவள் என்னை மறித்தாள்.

“ஐயா, அவரக் கடிச்சது சாரை. சாரை கடிச்ச ஆள லொறியில ஏத்தி ஊர்கோலம் விட்டிருக்கீங்க.”

“உமக்கு எப்பிடித் தெரியும்? பாம்பு வந்து சொன்னதோ?”

“சொல்லும் ஐயா. நம்ம பாஷையில கேட்டா சொல்லும். இங்கிலீசுல கேட்டா கோவிச்சுக்கும்.”

பெண்கள் கொழுந்துக் கூடைகள் குலுங்கச் சிரித்தார்கள். அன்று மாலையே தோட்டத்தை நடத்தும் பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, டீசல் என்ன ஆற்றுத் தண்ணீரா என்று கேட்டார். இனிப் பல் அடையாளத்தைக் காணாமல் பாம்புக்கடிக்குத் துண்டு எழுதக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு காலை. ஆறரை மணி. மூடுபனி டிஸ்பென்சரி முற்றம்வரை இறங்கியிருந்தது. நான் உள்ளே கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்யத் தொடங்கியிருந்தேன். டிஸ்பென்சரிக் கதவு குறுக்கே இரண்டாக வெட்டிய அரைக்கதவு. இரண்டு பாதியும் திறந்திருந்தன. திரும்பிப் பார்த்தேன். படியில் அவள் நின்றாள். புல்லில் ஓடிவந்த ஈரம் காலிலிருந்து சீமெந்தில் இறங்கியது. கைகள் வெறுமையாக இருந்தன. பாதங்கள் சேர்ந்திருந்தன.

“ஐயா, கடைசி லயத்துல ரப்பர் பால் வெட்டுற பையனுக்கு வயித்துவலின்னு அவன் பொண்டாட்டி வந்து கூப்புட்டா. போயிப் பாத்தேன். வயித்துவலி இல்ல. கண்ணு எமயத் தூக்க முடியல அவனுக்கு. ராத்திரி தரையில பாய் போட்டுப் படுத்திருக்கான். கரவலா ஐயா. என் கைக்கு அடங்காது. துண்டு எழுதிக் குடுங்க.”

கரவலா என்பது கட்டுவிரியனுக்கு அந்தப் பக்கத்தில் வழங்கும் சிங்களப் பெயர்.

“பல் அடையாளம் இருக்கோ?”

“கரவலா கடிச்சா அடையாளம் தெரியாது ஐயா.”

அது உண்மை என்று எனக்குத் தெரியும். என் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. வலி இராது, தடயம் இராது, விடியும்போது வயிற்றுவலி, பிறகு இமை விழும், பிறகு மூச்சு நிற்கும். அந்தப் பக்கத்தில் நான் கோடிட்டுப் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வந்தவை பெண்களின் சிரிப்பும் துரையின் முகமும். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. போய் அரைக்கதவின் கீழ்ப்பாதியைச் சாத்திவிட்டு வந்து சவரத்தைத் தொடர்ந்தேன். கண்ணாடியில் அவளுடைய மேல்பாதி தெரிந்தது. அசையவில்லை. கெஞ்சவும் இல்லை. முகத்தைக் கழுவிவிட்டுப் பார்த்தபோது அவள் இல்லை. படியில் இரண்டு ஈரச் சுவடுகள், விரல்கள் கதவைப் பார்த்தபடி இருந்தன.

அவள் துரையின் பங்களாவுக்கு மலையேறிப் போயிருக்கிறாள். துரை முதல் நாளே கொழும்புக்குப் போய்விட்டார். இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

ஒன்பது மணிக்கு அந்த மனிதனின் மனைவி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். நான் இறங்கிப் போனேன். அவனால் எச்சிலை விழுங்க முடியவில்லை. விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முழு நினைவோடு பார்த்தது. என் முழங்காலில் வைத்துத் துண்டு எழுதினேன். பெல்மதுளைச் சந்திக்கு முன்னால் லொறியிலேயே மூச்சு நின்றது.

விசாரணையில் என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். முதலில் உங்களுக்கு எப்போது அறிவித்தார்கள்?

“ஒன்பது மணிக்கு. அவனுடைய மனைவி வந்து சொன்னாள்.”

பாம்புக்கடி பார்க்கும் பெண் அதற்கு முன் வரவில்லையா?

“வரவில்லை. கைக்கு மிஞ்சிவிட்டது என்று பயந்து எங்கேயாவது ஒளிந்திருப்பாள்.”

அவள் பின்னால் நின்றாள். “வந்தேன் ஐயா,” என்றாள், அவ்வளவுதான். அதை யாரும் எழுதவில்லை. நான் படித்தவன், டை கட்டியிருந்தேன்.

அன்று பின்னேரம் இறந்தவனின் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளுடைய லயத்து வாசலுக்குப் போய், ஒரு பிடி மண்ணை அள்ளித் தூற்றினாள். அதன் பிறகு யாரும் அவளிடம் கைக்குழந்தையைக் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமை ஒரு காலை கதவைத் திறந்தேன். படியில் இரண்டு ஈரச் சுவடுகள். பாதங்கள் சேர்ந்து, விரல்கள் கதவைப் பார்த்தபடி. இடது பாதத்தில் சுண்டுவிரலின் புள்ளி இல்லை. மழை பெய்து நான்கு நாள் ஆகியிருந்தது. முற்றத்து மண் காய்ந்து கிடந்தது, அதில் ஒரு தடமும் இல்லை. மூன்று நாள் கழித்து மறுபடியும். டிஸ்பென்சரி நாய் அந்தப் படியில் கால் வைக்காமல் பக்கத்தால் தாவி ஏறத் தொடங்கியது.

அவள்தான் வந்து நின்றுவிட்டுப் போகிறாள், என்னை மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். அவள் குழந்தைகளுக்கு அருகில் இருக்கத் தகுதியற்றவள் என்று துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது என் இரண்டாவது குற்றம். மாத முடிவில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு சனிக்கிழமை, இரண்டு பைகளோடு, ஓப்பநாயக்கவில் இருந்த தம்பி வீட்டுக்கு பஸ் ஏறினாள். பஸ் வளைவுகளில் இறங்கி மறையும்வரை நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்பாடா என்றிருந்தது.

திங்கட்கிழமை காலை படியில் சுவடுகள் இருந்தன. ஒன்பது விரல்கள்.

ஓய்வுபெற்றதும் ரம்புக்கனையில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மகள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து போவாள். புது இடத்தில் முதல் இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு காலை மகள் வாசலைக் கூட்டப் போனவள் விளக்குமாற்றோடு திரும்பி வந்தாள்.

“அப்பா, காலமை ஆர் வந்தது?”

“ஒருத்தரும் வரேல்லையே.”

“படியிலை ஆரோ நிண்டிருக்கினம். பாவம், ஒரு விரல் இல்லை.”

அதுவரை எனக்கு ஒரு வழி இருந்தது. குற்ற உணர்வு கண்ணைக் கெடுக்கும் என்று படித்தவனாக எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அன்றோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. அப்படியும் பல வருடங்களை ஓட்டினேன். நாங்கள் கோழைகளாக இருக்கும்போது காலம் விரைவாகத்தான் போகிறது.

போன மாதம் ஓப்பநாயக்கவுக்குப் போனேன். தம்பியின் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் அவள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டாள்.

“எளச்சிட்டீங்களே ஐயா. ஒக்காருங்க.”

“நான் இருக்கேலாது,” என்றேன். குனிந்து பார்த்தால், என் பாதங்கள் சேர்ந்திருந்தன. “நீர் அண்டைக்கு வந்தனீர். நான் வரேல்லை எண்டு சொன்னன்.”

“அது எனக்குத் தெரியும். எங்கிட்ட வந்து சொல்லி என்னா? தெரியாத புள்ளகிட்ட சொல்லுங்க. மண்ணத் தூத்துனவ அவதானே.”

சுவடுகளைப் பற்றிச் சொன்னேன். அவள் தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ரம்புக்கன வரைக்கும் நான் எதுக்கு ஐயா வாறேன்? பஸ்சுல எனக்கு வாந்தி வரும்.” சற்று நேரம் கொட்டைகளை உரித்தாள். சிரிப்பு போய்விட்டது. “பதில் வாங்காத தூது போகாதுன்னு எங்கப்பா சொல்லுவாரு. அன்னைக்கு நான்தான் படிய விட்டு எறங்குனேன். நின்னது எறங்கல போல.”

“இப்ப பதில் சொன்னால் போகுமோ?”

“போகும். தண்ணி குடுத்தும் அனுப்பலாம். ஆனா ஒங்க கைக்கு அடங்குற விசயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாது. ‘வாறேன்’னு சொன்னீங்கன்னா பின்னாலயே போகணும். அத யோசிச்சுக்கங்க.”

எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

மறுநாள் தோட்டத்துக்குப் போனேன். இறந்தவனின் மனைவி அதே கடைசி லயத்தில்தான் இருந்தாள். மகள் கார்மென்ட்சில் வேலை செய்கிறாளாம். எனக்குக் கதிரை போட்டுவிட்டு, டாக்டர் ஐயா வந்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குச் சீனி வாங்க ஆள் அனுப்பப் பார்த்தாள். நான் தடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. “ஒங்குடி வெளங்காதுன்னு சொன்னேனே ஐயா அவுங்கள,” என்றாள். “நீங்க சொன்னீங்கன்னுதானே சொன்னேன்.” பிறகு கேட்டாள், “ஆறரைக்கே லொறி வந்திருந்தா பொழச்சிருப்பாரா?”

“பிழைச்சிருக்கலாம்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. திறந்த கதவுக்கு முன்னால் நெடுநேரம் இருந்துவிட்டு, நான் பஸ்சுக்கு இறங்கினேன்.

என் வாக்குமூலம் பொய் என்று விசாரணை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. பத்து நாள் கழித்து ஓப்பநாயக்கவிலிருந்து தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். இறந்தவனின் மனைவி மகளோடு வந்து, ஒரு வாளி மஞ்சள் தண்ணீரால் அக்காவின் வாசற்படியைக் கழுவினாளாம். பிறகு இருவரும் பகல் சோறு ஒன்றாகச் சாப்பிட்டார்களாம். என்னைப் பற்றி ஏதாவது பேசினார்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஆறரைக்குக் கதவைத் திறந்தேன். சுவடுகள் இருந்தன. மேசையில் ஒரு செம்புத் தண்ணீரும் இருந்தது, இரவே நிரப்பி வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை.

“வாறன்,” என்றேன்.

கண்டி ரயில் ஏற்றத்தில் மூச்சு வாங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது. சுவடுகள் மெல்ல உலர்ந்தன.

மறுநாள் அவை மேல்படியில் இல்லை. கீழ்ப்படியில் இருந்தன. விரல்கள் வீதியைப் பார்த்திருந்தன. அதற்கடுத்த நாள் குரோட்டன் செடிக்குப் பக்கத்தில். நேற்று முற்றத்தின் நடுவில். இன்று காலை கேற்றடியில், பாதி உள்ளே, பாதி வெளியே. எங்கேயும் திரும்பிப் பார்த்த தடம் இல்லை.

மகளுக்கு எழுதவேண்டியதை எழுதி மேசையில் வைத்திருக்கிறேன். செருப்பை எடுத்து வாசலில் வைத்தாயிற்று. இந்த முறை நான் கதவைச் சாத்தப் போவதில்லை.