பரஸ்தானம் போன ஹார்டு டிஸ்க்

அந்த டிஸ்க்கில் அந்தக் கல்யாணத்தின் படங்கள் மட்டும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரே காட்டும் என்று மகள் சொன்னாள். காட்டியது. நான் இன்னொரு முறையும் பார்த்துக்கொண்டேன். காணை வட்டாரத்து வயல்களில் இறங்கிப் பயிர்க் கணக்கு எடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் என்னை விடவில்லை.

மகளும் மருமகனும் திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தினார்கள். அவர் படம் எடுப்பார், இவள் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பம் போடுவாள். மின்வெட்டு மிகுந்திருந்த காலம் அது. அவசர வேலை வந்தால் விழுப்புரத்துக்குக் கிளம்பி வந்துவிடுவாள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. அவள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரும் இருந்தது.

அந்த முறை வந்த வேலை, மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் நடந்த கல்யாணத்துடையது. ஆல்பம் போடுவதற்குள் பெண்ணின் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். ஸ்டுடியோ வாசலை மிதிக்காத மனிதர். ரேஷன் கார்டில் இருந்த அவர் முகம் வெறும் கறுப்புப் பூச்சாக இருந்ததாம். செவ்வாய்க்கிழமை கருமாதி. மாலை போட ஒரு படம் வேண்டும், ஃப்ரேம் போட நேரம் வேண்டும், அதனால் திங்கள் காலை பத்து மணிக்கெல்லாம் கடைக்கு வந்துவிடுவோம் என்று அவருடைய மகன் சொல்லியிருந்தார். கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் இடமில்லாததால் டிஸ்க்கிலேயே வைத்துத்தான் மகள் திருத்தினாள். ஆக, அந்த மனிதரின் முகம் இருந்தது அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தாள். அவர் இருந்த பத்தொன்பது படங்களில் ஒன்றைத் தேர்ந்தாள். சுற்றி நின்றவர்களை வெட்டி எடுத்துவிட்டு, பின்னால் நீல நிறம் கொடுத்து, அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டாள். எங்கள் பக்கத்தில் இறந்துபோன எல்லாருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் போட்டுவிடும் சட்டை அது.

திங்கள் காலை காலரைக் கொஞ்சம் சரிசெய்து சேமித்தாள். ஒயரைக் கழற்றுவதற்கு முன் டிஸ்க்கை விடுவிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். அது வேலையாக இருக்கிறது, பிறகு முயலவும் என்றது கம்ப்யூட்டர். திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். மறுபடியும் அதே பதில். டிஸ்க்கின் நெற்றியில் நீல விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

“வைரஸ் பாக்குற புரோகிராம் உள்ள பூந்துகினு இருக்கும்பா. நான் குளிச்சிட்டு வர்றேன். லைட்டு அணையற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்றாள்.

எனக்குச் சொல்லவே வேண்டாம். சேமித்தது உடனே போய்ச் சேர்ந்துவிடாது, கம்ப்யூட்டர் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுதும் என்று அவள் முன்பே விளக்கியிருந்தாள். பாதியில் டிஸ்க்கைக் கழற்றுவது, நெல் அளந்துகொண்டிருக்கும்போது மரக்காலைப் பிடுங்குவது போல என்று புரிந்துகொண்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மனைவி வந்தாள். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம். மகள் எட்டு மணிக்குக் கிளம்புகிறாள். அந்த நேரத்தில் போகத்தான் வேண்டும் என்றால் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கொண்டுபோகிற பொருளில் ஒன்றை நல்ல நேரத்திலேயே வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதுதான் பரஸ்தானம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகலாம்.

துணிப்பையை வை என்றேன். துணிக்காகவா போகிறாள், எந்தப் பொருளுக்காகப் போகிறாளோ அதைத்தான் வைக்க வேண்டும் என்றாள். விளக்கு அணைந்தால்தான் எடுக்கலாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன்.

கூடத்தில் மகளின் செல்போன் அடித்தது. அவள் குளியலறையில் இருந்ததால் நான் போய் எடுத்தேன். இறந்தவரின் மகன்.

“ஐயா, அக்கா கெளம்பிட்டாங்களா? நாங்க பஸ்ஸுக்கு நின்னுகினு இருக்கோம். அம்மா பொழுதுக்கும் கேட்டுகினே கீது, மூஞ்சி தெளிவா வந்துகீதான்னு.”

தெளிவாக வந்திருக்கிறது, கவலைப்படாமல் வாருங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். மேசையில் ஒயர் மட்டும் கிடந்தது.

மனைவி எதிர்வீட்டிலிருந்து முகம் மலர்ந்து வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் துணியில் சுற்றி, அவர்கள் சாமி அலமாரியில் வைத்துவிட்டாளாம். ஏழரைக்கு இன்னும் நேரம் இருக்கிறதாம்.

“எப்படி எடுத்த?” என்றேன்.

“லைட்டு அணையணும்னீங்க. எடுத்தேன், அணைஞ்சிடுச்சே” என்றாள்.

மகள் ஈரத்தலையோடு வந்து திரையைப் பார்த்தாள். எழுத வேண்டியதை எழுத முடியவில்லை என்ற செய்தி அங்கே நின்றிருந்தது. அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

எதிர்வீட்டு அம்மா டிஸ்க்கைத் தர மறுத்துவிட்டார். பரஸ்தானம் வைத்த பொருள் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பினால் போன காரியம் கெடும் என்பது அவருக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

“சார், நீங்க வேணா உள்ள வந்து பாருங்க. திருப்பி மட்டும் கேக்காதீங்க. நாளைக்கு எதனா ஒண்ணுன்னா பழி எங்க மேல வரும்.”

மகள் சுவரில் பிளக் எங்கே என்று பார்த்தாள். “சரி அத்தை. அது வராதுன்னா கம்ப்யூட்டர் இங்க வரட்டும். ஒரு பிளக்கு மட்டும் குடுங்க” என்றாள்.

பெட்டியை அவள் தூக்கினாள். திரையை நான் மார்போடு அணைத்துக்கொண்டேன். விசைப்பலகையும் ஐந்து ஒயர்களும் மனைவி கையில். அப்போதுதான் அவளுக்கு ஏதோ புரியத் தொடங்கியிருக்க வேண்டும். எதிர்வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தோசைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, எல்லாவற்றையும் மாட்டினோம்.

டிஸ்க்கைச் செருகியதும் விளக்கு எரிந்தது. ஆனால் கல்யாணப் படங்கள் இருந்த இடத்தைத் தொட்டதும், அது கெட்டுவிட்டது, படிக்க முடியவில்லை என்று வந்தது.

மகள் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினாள். டிஸ்க்கை அது தானே தடவிப் பார்த்துச் சரிசெய்யும், முடிகிறவரை நிறுத்தக் கூடாது என்றாள். சதவிகிதம் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் எனக்கு அடுத்த பயம் பிடித்தது. ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் மின்வெட்டு. எங்கள் வீட்டில் என்றால் இன்வெர்ட்டர் தாங்கும். இங்கே அது இல்லை. பாதியில் மின்சாரம் போனால், ஒரு முறை அடிபட்ட டிஸ்க் மறுபடியும் அடிபடும்.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதின்மூன்றிலேயே வெகு நேரம் நின்றது. எதிர்வீட்டு அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. மனைவி அந்தச் சாமி அலமாரியைப் பார்த்தபடி நின்றாள். நாற்பதில் மறுபடியும் நின்றபோது மகள் நகத்தைக் கடித்தாள். பள்ளிக்கூடத்தில் விட்ட பழக்கம் அது. தெருவில் யாரோ மிக்ஸி ஓட்டிய சத்தம் கேட்டது. மின்சாரம் போவதற்குள் எல்லாரும் அவசரமாகச் சட்டினி அரைக்கிற நேரம்.

நூறு வந்தபோது ஒன்பதுக்குச் சில நிமிடங்களே இருந்தன. படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நான் எண்ணிக்கையைப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.

“ஒண்ணு கொறையுது” என்றேன்.

எது என்று மகளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. கடைசியாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது எதுவோ அதுதான் போயிருந்தது. வெள்ளைச் சட்டை, நீல நிறம், அவளுடைய ஒரு நாள் உழைப்பு. எந்தப் படத்தை வைத்து அதைச் செய்தாளோ அந்தப் படம் இருந்தது. தோளில் துண்டு, மேல் பொத்தான் இல்லாத சட்டை, வாய் பாதி திறந்திருக்க, பந்திப் பக்கம் திரும்பிய முகம். கண் மட்டும் மிகத் தெளிவு. மறுபடி திருத்த நேரமில்லை.

டிஸ்க்கை விடுவிக்கக் கட்டளை கொடுத்தாள். வேலையாக இருக்கிறது என்றது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. கம்ப்யூட்டரையே முறைப்படி அணைத்தாள். திரை இருண்டது. பெட்டியின் விசிறி நின்றது. கடைசியாக நீல விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது. அதற்குப் பிறகுதான் ஒயரைக் கழற்றினாள். அவள் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் மின்விசிறி மெல்ல ஓய்ந்தது.

“ராகுகாலமும் முடிஞ்சிது” என்றாள் மனைவி, யாரையும் பார்க்காமல். மகள் வாசலில் அம்மாவின் கையை ஒரு முறை பிடித்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.

மதியம் வரை நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி விசைப்பலகையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் கூப்பிட்டபோது அவளும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

சட்டை மாற்றாமல், நீல நிறம் இல்லாமல், இருந்தபடியே பெரிதாக்கிக் கொடுத்தாளாம். இறந்தவரின் மனைவி அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்கப்போகிறார், என்ன சொல்வது என்று இவள் தவித்துக்கொண்டு நின்றாளாம்.

“இன்னா கேட்டாங்க?” என்றாள் மனைவி.

“‘இவரு யாரைடா இப்படித் திட்டிகினு கீறாரு?’ன்னு புள்ளையக் கேட்டாங்கம்மா.”

“அவன் இன்னா சொன்னான்?”

“‘என்னைத்தாம்மா. பந்தியில பாயசம் பத்தலன்னு’ன்னான். அப்படியே ஃப்ரேம் போடச் சொல்லிட்டாங்க.”