நான்காவது கட்டத்துக்காரர்கள்

கெசியாவுக்கு வட்டங்களைக் கண்டாலே எரிச்சல். அதிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு வட்டங்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"டீ குடிப்பவர்கள் இத்தனை பேர், காபி குடிப்பவர்கள் இத்தனை பேர், இரண்டும் குடிப்பவர்கள் எத்தனை பேர்?" என்று மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத்தேர்வில் கேட்பார்கள். கெசியா வட்டம் போடுவாள், கூட்டுவாள், கழிப்பாள். வந்த விடை நான்கு விடைகளில் ஒன்றாக, வா வா என்று கூப்பிட்டபடி உட்கார்ந்திருக்கும். ஆசையாக அழுத்துவாள். தப்பு! அவள் எப்படித் தப்புச் செய்வாள் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு யாரோ எழுதிய விடை அது.

அவள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில், எந்த ஊழியரை எந்த வண்டி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பார்க்கிற மேசையில் இருந்தாள். அங்கே திட்டப் பிரிவில் ஓர் இடம் காலி. வார இறுதி எம்.பி.ஏ. ஒன்றில் சேர்ந்தால் அந்த இடம் அவளுக்கு என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். கல்லூரி கேட்ட மதிப்பெண் அறுநூற்று ஐம்பது. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் கோட்டைவிட்டிருந்தாள். இந்த முறையும் போனால் அட்மிஷன் முடிந்துவிடும், நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

தேர்வுக்கு முந்திய வாரம் மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் திருச்சபையில் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் பிரியாணி. எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதற்குச் சபைச் செயலாளர் வேதசிரோமணி ஒரு முறை வைத்திருந்தார். முந்திய ஞாயிறு தமிழ் ஆராதனையில், "சாப்பிடுறவங்க கை தூக்குங்க" என்பார். பிறகு ஆங்கில ஆராதனையிலும் அதையே ஆங்கிலத்தில் சொல்வார். இரண்டையும் கூட்டி பிரியாணி மாஸ்டரிடம் சொல்லிவிடுவார். அந்த வருஷம் தமிழில் இருநூற்று நாற்பது கை, ஆங்கிலத்தில் நூற்றுப் பத்து. ஆக முந்நூற்றைம்பது.

கெசியா பாடகர் குழுவில் இருப்பவள். இரண்டு ஆராதனையிலும் பாடுவாள். இரண்டிலும் கை தூக்கியிருந்தாள். படியிறங்கும்போது திடுக்கென்று நின்றாள்.

"அங்கிள், நான் ரெண்டு ஆராதனையிலயும் கை தூக்கினேன்."

"ஏம்மா, ரெண்டு பிளேட் சாப்பிடுவியா?"

"அய்யோ, அதேதான் அங்கிள்! என்னைய ரெண்டு தடவை எண்ணிட்டீங்க!"

பாடகர் குழு, ஞாயிறு பள்ளி ஆசிரியைகள், கூடவே வந்த பிள்ளைகள் என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். இரண்டிலும் கை தூக்கியவர்கள் நாற்பது பேர்! முந்நூற்றுப் பத்து போதும் என்று மாஸ்டருக்கு அவளே போன் போட்டாள். ஜென்மத்தில் முதல்முறையாக ஒரு வட்டக் கணக்கு சரியாக வந்த பூரிப்பில் வீடுவரை பாடிக்கொண்டே போனாள்.

"கணக்கு டீச்சர் கூட வர்றாங்க, வழி விடுங்க" என்று அவள் கணவன் டெனிஸ் தெருநாய்களுக்கு அறிவித்தான்.

பண்டிகை அன்று பந்தி ஜோராக நடந்தது. பாடகர் குழு கடைசியில் சாப்பிடுவது வழக்கம். கெசியா தட்டோடு வரிசைக்கு வந்தபோது அண்டாவின் அடியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது.

"மாஸ்டர், காலியா?"

"நீங்க சொன்ன கணக்குதான் மேடம்."

திரும்பிப் பார்த்தாள். வாசலில் பூ விற்கும் துர்கா தன் மூன்று பிள்ளைகளோடு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆட்டோ ஸ்டாண்டு முழுசும். எதிர் வீட்டு வாட்ச்மேன், அவருடைய மச்சான். எந்த ஆராதனைக்கும் வராதவர்கள், எந்தக் கையையும் தூக்காதவர்கள், வருஷா வருஷம் தவறாமல் சாப்பிட வருகிறவர்கள்.

"இன்னாக்கா பாக்குற? சூப்பரா கீது, நீ துண்ணலியா?" என்றாள் துர்கா.

வேதசிரோமணி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல ஒரு தட்டு குறைஞ்சதில்லைம்மா. ஒரு தட்டு மிஞ்சினதுமில்ல."

கெசியாவுக்குச் சட்டென்று விளங்கியது. இரண்டு தடவை எண்ணப்பட்ட நாற்பது பேர்தான் எண்ணப்படாத நாற்பது பேருக்கு இத்தனை வருஷமாகச் சோறு போட்டிருக்கிறார்கள்! அவர் கணக்கின் இரண்டு தப்புகளும் கைகோத்துக்கொண்டு சரியாக நடந்தன. அவள் ஒரு தப்பை மட்டும் திருத்தி, இன்னொன்றைத் தனியே தவிக்கவிட்டுவிட்டாள். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையில் பாடகர் குழு மொத்தமும் பேக்கரி பன்னைக் கடித்தபடி அவளை முறைக்க, அவள் காகிதத் தட்டின் பின்புறம் பேனாவால் கட்டம் போட்டாள்.

தமிழ் ஆராதனைக்கு வந்தவர், வராதவர் என்று மேலே இரண்டு. ஆங்கிலத்துக்கு வந்தவர், வராதவர் என்று பக்கத்தில் இரண்டு. ஆக நான்கு கட்டம். யாராக இருந்தாலும் ஒரே ஒரு கட்டத்தில்தான் உட்கார முடியும். இரண்டுக்கும் வராதவர்களுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. வட்டம் போடும்போது அந்த ஆட்கள் வெளியே நிற்பார்கள், அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

"பிரியாணி போச்சு, தட்டுல படம் வேறயா?" என்றான் டெனிஸ்.

"படம் இல்லடா, பதில்!"

தேர்வு மையம் பெருங்குடியில். பாதித் தேர்வில் அது வந்தது. இருநூறு ஊழியர்கள், நூற்றுப் பதினைந்து பேருக்கு ஸ்பானிஷ் தெரியும், தொண்ணூற்றைந்து பேருக்குப் பிரெஞ்சு தெரியும், இருபத்தைந்து பேருக்கு இரண்டும் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? முதல் விடையாகப் பத்து உட்கார்ந்திருந்தது. பழைய கெசியா கூட்டி, இருநூறைக் கழித்து, அதில்தான் விழுந்திருப்பாள். இவள் கட்டம் போட்டாள். ஸ்பானிஷ் தெரியாதவர்கள் எண்பத்தைந்து. அதில் இரண்டும் தெரியாத இருபத்தைந்து போக, பிரெஞ்சு மட்டும் தெரிந்தவர்கள் அறுபது. தொண்ணூற்றைந்தில் அறுபது போனால் முப்பத்தைந்து. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். அதே இனத்தில் இன்னும் இரண்டு கணக்கு வந்தது. இரண்டும் கட்டத்துக்குள் சாதுவாக அடங்கின.

கடைசிக் கேள்விக்குப் பின் திரை கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு எண் வந்தது. அறுநூற்று எழுபது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அறுநூற்று எழுபதுதான். ஓடினாள். போன் லாக்கரில், லாக்கர் சாவி கையில், அவசரத்தில் அது துளைக்குள் போகவில்லை. பக்கத்தில் இருந்தவள் காவலுக்கு நின்ற அக்கா ஒருத்திதான்.

"அக்கா! வந்துருச்சு! வந்துருச்சு!"

"இன்னாம்மா வந்துச்சு? பாஸா?"

"இதுல பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாதுக்கா."

"அப்ப இன்னாத்துக்கு இப்டி குதிக்கிற?"

"காலேஜ்ல சீட்டு! ஆபீஸ்ல புது சீட்டு!"

"ரெண்டு சீட்டா?" என்று அந்த அக்கா வாயைப் பிளந்தாள். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கெசியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளும் குதித்தாள்.