எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளியும் நம்பிக்கை கிடையாது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். வண்டி நின்றால் பேட்டரி இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா என்று பார்ப்பேனே தவிர, யார் கண் பட்டது என்று கேட்டதில்லை. பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் குடியிருக்கும் மாடி போர்ஷனில் ஏதோ நடமாடுகிறது என்று சொல்லி எனக்கு முன்னால் இரண்டு குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. நான் அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன், காற்று நன்றாக வரும் என்று. அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள், வருத்தப்பட மாட்டேன். இன்னொன்று, இது நடந்தது காலை ஏழரை மணிக்கு, நல்ல வெயிலில். இருட்டு, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள்.

ஓசூர் ரோட்டில் வெளிநாட்டுச் சொகுசு கார்களுக்கான ஒரு சர்வீஸ் சென்டரில் நான் அட்வைசர். பெயரைச் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். வண்டியைக் கொண்டுவருகிறவரிடம் பேசி, என்ன வேலை என்று ஜாப் கார்டு எழுதி, முடிந்ததும் கார்டை கம்ப்யூட்டரில் மூடுவது என் பொறுப்பு. போன வருஷம் ஒரு மாடலுக்கு மட்டும் கம்பெனியே கடிதம் அனுப்பியது. பிரேக் யூனிட்டில் கோளாறு இருக்கலாம், திடீரென்று பிடிக்காமல் போகலாம், வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. இதைத்தான் ரீகால் என்பார்கள். கடிதம் உடனே வந்துவிட்டது, மாற்ற வேண்டிய யூனிட்தான் வரவில்லை. இன்று கப்பலில் இருக்கிறது, நாளை சென்னை வந்துவிடும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தோம். உலகத்தில் உள்ள வசதி எல்லாம் அந்த வண்டியில் உண்டு, மிதித்தால் நிற்குமா என்பது மட்டும்தான் சந்தேகம்.

இங்கே கௌதமண்ணாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பட்டறையின் பழைய டெக்னீஷியன், ஸ்ரீராம்புரத்துக்காரர். பிரேக் வேலை என்றால் அவர்தான். ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டை ஸ்டியரிங் வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொள்வார். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிரேக் வேலை முடிந்ததும் யார்டில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். அதைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார், டயர் வருகிற பக்கத்தை மட்டும் மூடாமல் விடுவார். பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பிரேக் மிதிப்பார். முன் டயர் பழத்தைத் தொட வேண்டும், நசுக்கக் கூடாது. மூன்று தடவை அப்படி நின்றால்தான் ஜாப் கார்டில் தன் நம்பரைப் போடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன், "பூஜைக்காண்ணா?"

"பூஜைக்கு இல்ல தினேசு, அளவுக்கு" என்றார்.

"வட்டத்த ஏன் மூடல?"

"டயர் உள்ள வர வழி வேணாமா?"

அவர் வீட்டில் ஒரே ஒரு புத்தர் படம்தான். வண்டிக்கு முன்னால் சூடம் காட்டுவது, பூசணிக்காய் உடைப்பது எதுவும் அவருக்கு ஆகாது. டெஸ்ட் முடிந்ததும் அதே பழத்தைக் கழுவி, பிழிந்து, உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் போவார். ரீகால் கடிதம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நல்ல மனுஷன்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஒரு மாதக் கடைசி. மேனேஜர் மஞ்சுநாத் என் மேஜைக்கு வந்து, "ரீகால் பெண்டிங் எல்லா இவத்தே க்ளோஸ் மாடி" என்றார், பாக்கி எல்லாவற்றையும் இன்றே முடித்துவிடு என்று. யூனிட் வந்த வண்டிகளைத்தான் சொன்னேன் என்று பிற்பாடு சாதித்தார், அது வேறு கதை. என் கணக்கில் இரண்டு வண்டிகள் மிச்சம் இருந்தன. ஒன்று ஜெயநகர் ரகுநாதன் சாருடையது, இன்னொன்று பீன்யாவில் போல்ட் ஃபாக்டரி வைத்திருக்கும் ஒருவருடையது. இரண்டுக்கும் யூனிட் வரவில்லை. அடுத்த வாரம் வந்துவிடும், அப்போது கூப்பிட்டு மாட்டிக்கொள்ளலாம், இப்போதைக்குக் கார்டை மூடிவிடுவோம் என்று நினைத்தேன். ஆனால் வேலை செய்த டெக்னீஷியனின் நம்பரைப் போடாமல் கம்ப்யூட்டர் கார்டை மூட விடாது. இம்ரானிடம் கேட்டேன், அவனும் பிரேக் வேலை பார்க்கிறவன்தான்.

"நா மாட்டாத பார்ட்டுக்கு என் நம்பர் போடாத, குரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். யாராக இருந்தாலும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான்.

கௌதமண்ணாவின் நம்பர் இருபத்து மூன்று. அதை யாரும் இன்னும் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டு வண்டிக்கும் இருபத்து மூன்று என்று அடித்தேன். செத்துப்போன மனுஷன் வந்து கேட்கவா போகிறார் என்று அப்போது நினைத்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன். உங்கள் வண்டியின் பிரேக் யூனிட் மாற்றப்பட்டது என்று இரண்டு பேருக்கும் தானாக மெசேஜ் போனது. அடுத்த வாரம் யூனிட் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன், தினமும் வேறு வேலை வந்துவிடும். அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலை ரகுநாதன் சார் கூப்பிட்டார். அவர் ஆர்க்கிடெக்ட். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த காலத்திலிருந்து பெங்களூரிலேயே இருக்கும் குடும்பம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"தினேஷ், ஏற்காடு கிளம்பிண்டிருக்கோம். வண்டி முன்னாடி போக மாட்டேங்கறது. ரிவர்ஸ் மட்டும் போறது. ஒரு தடவை ட்ரை பண்ணினேன், அப்படியே நின்னுடுத்து. நீங்க பிரேக் மாத்தினதுல ஏதாவது பிரச்சனையா?"

ஏற்காடு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டியை விட்டு எல்லோரும் இறங்கிவிடுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். போர்ட்டிகோவில் வண்டி நின்றது. சாரின் பேத்திகள் இரண்டு பேர், ஆறு வயதும் எட்டு வயதும் இருக்கும், படியில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். லீவு முடிந்து அவர்களை ஏற்காட்டில் அப்பா அம்மாவிடம் கொண்டுபோய் விடுவதற்குத்தான் பயணம். கிளம்பும்போது நசுக்குவதற்காக சாரின் மனைவி கமலா அம்மா நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார், நம் எல்லோர் வீட்டிலும் செய்வதுதான். குனிந்து பார்த்தேன். நாலு டயரும் நாலு பழத்தைத் தொட்டுக்கொண்டு நின்றன. ஒன்றுகூட நசுங்கவில்லை.

"சீட் வேற தானா முன்னாடி வந்துடறது. கதவைத் திறந்தாலே முழங்கால் இடிக்கற அளவுக்கு" என்றார் சார். அவர் ஆறடி உயரம். கமலா அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

கதவைத் திறந்தேன். சீட் மெல்ல முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் போய் நின்றது. சைடு கண்ணாடி இரண்டும் குள்ளமான ஆளுக்குத் தெரிகிற மாதிரி கீழே இறங்கின. அப்போதுகூட நான் சாவியில் ஏதோ மெமரி குழப்பம் என்றுதான் நினைத்தேன். பயத்தைவிட, இது என்ன சங்கதி என்று பார்த்துவிடும் ஆசைதான் அதிகமாக இருந்தது, அது என் சுபாவம். சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, வண்டியைப் பின்னால் எடுத்தேன். மூன்று பழங்களை எடுத்துவிட்டு வலது முன் சக்கரத்துக்கு முன்னால் ஒன்றை மட்டும் விடச் சொன்னேன். மெதுவாக முன்னால் வந்தேன். பழத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி நின்றது. என் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. பக்கத்தில் இருந்த பிரேக் பெடல் தானாக உள்ளே போயிருந்தது, யாரோ மிதித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

சில வண்டிகளில் கம்ப்யூட்டர் தானாகப் பிரேக் போட்டால் பெடல் இறங்கும், அது எனக்கும் தெரியும். முன்னால் மாடு வந்தால் போடும், பைக் வந்தால் போடும். தரையில் கிடக்கும் எலுமிச்சம்பழம் எந்த சென்சாருக்கும் தெரியாது. பழத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன், வண்டி கேட் வரைக்கும் சாதுவாகப் போனது. "தக்காளி வெச்சுப் பார்ப்போமா?" என்று கமலா அம்மா கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உள்ளே போய் ஒன்று எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். தக்காளி சட்னியானது. சின்னப் பேத்தி கைதட்டினாள்.

மறுபடியும் எலுமிச்சம்பழத்தை வைக்கலாம் என்று கையில் எடுத்தேன். சார் ஒரு தடவை, நான் ஒரு தடவை. இது மூன்றாவது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வண்டியில் பிரேக் வேலை முடிந்தது என்று யார் நம்பரில் எழுதியிருக்கிறேன்? மூன்று தடவை பார்க்காமல் எதிலும் நம்பர் போடாத ஆளின் நம்பரில். பழம் கையிலேயே இருந்தது. கீழே வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். யூனிட் மாற்றவில்லை, மாற்றியதாகப் பொய்யாக எழுதியது நான்தான் என்று. யார் நம்பர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் திரும்பி, படியில் இருந்த பேத்திகளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"குழந்தைகள் பின் சீட்ல உக்காந்திருந்தா, தினேஷ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

லாரியில் ஏற்றி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இம்ரான்தான் அதைக் கீழே இறக்கி யார்டுக்குள் ஓட்டினான். பத்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. பிரேக் மிதித்தான், பெடல் காலோடு தரைக்குப் போய்விட்டது. பழைய டயர் அடுக்கில் முட்டித்தான் வண்டி நின்றது. இறங்கி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை. "குரு, இத மலையில எறக்கியிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். காலையில் ஒரு பழத்துக்கு அவ்வளவு பதவிசாக நின்ற அதே வண்டி.

கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். யூனிட் விட்டு விட்டு வேலை செய்திருக்கிறது, காலையில் தானாகப் பிடித்திருக்கும், மதியம் கைவிட்டிருக்கும் என்று எழுதிக்கொடுத்தார்கள். இருக்கலாம். சீட்டுக்குக் காரணம் கிடைக்கவில்லை. எனக்கு மெமோ கிடைத்தது, அது நியாயம்தான். இருபத்து மூன்றாம் நம்பரை நானே எழுதிக்கொடுத்து எடுக்க வைத்தேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இரண்டாவது வண்டி இருக்கிறதே. பீன்யா ஓனர் போனை எடுக்கவில்லை. நான்கு மணிக்கு நேரிலேயே போய்விட்டேன். அவர் இல்லை, வாட்ச்மேன் இருந்தார், தர்மபுரிப் பக்கத்துத் தமிழர். பிரேக் விஷயமாக வந்திருக்கிறேன், அந்த வண்டியை யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னேன்.

"யாரு சார் எடுக்கறது? அது மூணு வாரமா அங்கயேதான் நிக்குது. முன்னாடி போவ மாட்டேங்குதுன்னு டிரைவர் விட்டுட்டுப் போனாரு. ஓனர் வேற வண்டில போறாரு" என்றார்.

ஷெட்டுக்குப் பக்கத்தில், கவர் போட்டு மூடியிருந்தது. கவரைத் தூக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். டிரைவர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் இருந்தது. பிறகு குனிந்தேன். வலது முன் டயரைத் தொட்டுக்கொண்டு, நசுங்காமல், காய்ந்து கறுத்த ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

"பூஜைக்கு வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பூஜைன்னா நாங்க நாலு வெப்போம் சார். இது ஒண்ணுதான் இருக்கு. யாரு வெச்சாங்கன்னு தெரியல, சாமி காரியமா இருக்கும்னு நா தொடல" என்று சொல்லிவிட்டு, அவரும் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தரையைக் காட்டினார். "கோலம் வேற போட்டிருக்காங்க பாருங்க. போட்டவங்க முடிக்காமயே போயிட்டாங்க."

பழத்தைச் சுற்றி வெள்ளை சாக்பீஸில் ஒரு வட்டம் இருந்தது. டயர் இருந்த பக்கம் மட்டும் மூடவில்லை.